பாக்கி உருப்படி: 1

அத்தியாயம் 11

மூன்று நாளாக அந்தச் சலவைக் கடையில் ஒன்று குறைந்துகொண்டிருந்தது.

யார் வந்து துணி வாங்கினாலும் ஒன்று குறைந்தது. பத்து உருப்படி போட்டவருக்கும் ஒன்று. ஒரே ஒரு போர்வையைப் போட்டு, அதே போர்வையைத் தோளில் வாங்கிக்கொண்டு நின்றவருக்கும் ஒன்று. துணியைக் கொடுத்து முடித்ததும் பிரிண்டர் ஒரு சீட்டைத் துப்பும். அதன் கடைசி வரி, பாக்கி உருப்படி: 1.

சீட்டு வந்ததே திங்கள்கிழமைதான். அதுவரை ஒரு நோட்டு இருந்தது. அதில் அப்பா எழுதுவார். எழுதியது மறுநாள் அப்பாவுக்கே புரியாது. அவருடைய இரண்டு பெண்களில் சின்னவள் ஆறு வாரம் லேப்டாப்போடு உட்கார்ந்து அதற்குப் பதிலாக ஒரு புரோகிராம் எழுதினாள். "எழுதட்டும் அண்ணே, படிச்ச பொண்ணு" என்று சொன்னது சித்தப்பா ஒருவர்தான். ஞாயிறு முழுவதும் கடையில் இருந்த ஒவ்வொரு துணியையும் எடுத்து, அதில் குத்தியிருந்த அட்டையை அவர் வாசிக்க வாசிக்க, அவள் பதிந்தாள்.

அந்தச் சித்தப்பாதான் இன்று மாலை ஐந்து மணிக்கு வேலையை விட்டுப் போகிறார்.

நேற்று சாயங்காலம் ஒரு டீச்சர் ஏழு திரைச்சீலைகளை வாங்கிக்கொண்டு, சீட்டைப் பார்த்துவிட்டு, எட்டாவது எங்கே என்று கேட்டார். அப்பா கடையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார். மெஷின்களுக்குப் பின்னால் பதினொரு ஒற்றைச் சாக்ஸ் கிடைத்தது. நாலு வருஷத்துக்கு முன் தொலைந்த ஷட்டர் சாவி கிடைத்தது. திரைச்சீலை கிடைக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவர், டீச்சர் முன்னாலேயே அதைச் சொன்னார்.

"உன் பையிலயும் ஒரு தடவை பார்த்துடேன்டா."

சித்தப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஆணியில் தொங்கிய தன் பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடி, மடித்த செய்தித்தாள், ஒரு மாத்திரை அட்டை. அவ்வளவுதான். திரும்ப எடுத்து வைத்தார்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த மேஜைக்குப் பின்னால் நிற்கிறவர். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி.

இன்று காலை வந்ததும் பெரியவளிடம் சொன்னார். "அஞ்சு மணி வரைக்கும் இருக்கிறதைத் தேய்ச்சுக் குடுத்துடறேன். ஆஸ்பத்திரி லாண்டரியில நாளைலேர்ந்து வரச் சொல்லியிருக்காங்க. உங்க அப்பாகிட்ட சொல்லிடு."

அப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

அம்மா இருந்தால் நேற்றே யாராவது ஒருவரை வாயை மூட வைத்திருப்பாள். அம்மா தன் அக்காவின் முழங்கால் ஆபரேஷனுக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது.

*

"அந்த பேண்ட்டை முதல்ல எடுக்கச் சொல்லு உங்க சித்தப்பாவை."

"எடுத்தாச்சுன்னு சொல்லும்மா உங்க அப்பாகிட்ட. எண்ணி வாங்கிக்கச் சொல்லு. ஒண்ணு. பார்த்துக்கச் சொல்லு. ரெண்டு. பார்த்துக்கச் சொல்லு."

"எனக்கு எண்ணத் தெரியும்னு சொல்லு."

"அது தெரிஞ்சா ஏன் இந்த நிலைமைன்னு கேளு."

"ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை எதுக்கு மைக் செட் மாதிரி நிக்க வச்சிருக்கீங்க?" என்றாள் பெரியவள். கவுன்ட்டர் அவளுடையது. துணி வாங்குவது, கொடுப்பது, திட்டு வாங்குவது எல்லாம் அவள்.

பத்து மணிக்கு எதிர்ச்சாரியில் கடை வைத்திருக்கும் வாட்ச் ரிப்பேர்காரர் வந்தார்.

"என் நீலச் சட்டை ஆயிடுச்சாங்க?"

"இன்னும் ஆகலை. நாளை மறுநாள் வந்து பாருங்க."

அவர் கோபப்படவில்லை. தலையாட்டினார். சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, "ஏழு நிமிஷம் ஸ்லோ" என்றார். "கழட்டிக் குடுத்தா சரி பண்ணித் தர்றேன்."

"அப்புறம் பார்க்கலாம்" என்றாள் பெரியவள்.

அவர் போனதும் அப்பா பல்லைக் கடித்தார். "ஒரு சட்டைக்கு எத்தனை தடவை நடக்கிறான் இந்த ஆள்! செருப்புக்கே ஒரு சட்டை விலை ஆகியிருக்கும். அதையாவது தேய்ச்சுக் குடுக்கச் சொல்லு உங்க சித்தப்பாவை."

இதற்கு மட்டும் சித்தப்பா பதில் அனுப்பவில்லை.

*

பதினோரு மணிக்குள் நாலு பேர் சீட்டோடு சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் கைக்குட்டை கேட்டார். ஒருவர் யோசித்துப் பார்த்து, புதுச் சட்டை ஒன்று என்றார். என்ன நிறம் என்று கேட்டால், அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

அப்பா பின்கட்டுக்கு வந்தார். சோப்புத்தூள் டிரம்மின் மேல் சின்னவள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"கண்டுபிடிச்சியா?"

"பார்த்துட்டே இருக்கேன்ப்பா. குடுத்த துணி எல்லாத்துக்கும் 'கொடுத்தாச்சு'ன்னு குறி சரியாத்தான் விழுந்திருக்கு. ஒண்ணு விடாம பார்த்துட்டேன்."

"எல்லாருக்கும் ஒண்ணுதானே கூட காட்டுது?"

"ஆமா."

"ஒண்ணைக் கழிச்சுடு."

"அப்படியெல்லாம் கழிக்கக் கூடாதுப்பா. ஏன் வருதுன்னு தெரியணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற? ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதப்போற? ஒண்ணுல ஒண்ணு போனா ஜீரோ. இதுக்கு டிகிரி வேணுமா?"

சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அவளுக்குப் பதில்கள் எப்போதும் மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் வரும். வாடிக்கையாளர் யாராவது நிமிர்ந்து பார்த்தாலே கவுன்ட்டரை விட்டு நகர்ந்துவிடுகிறவள். அப்பாவிடம் என்ன பேசிவிடுவாள்?

கழித்தாள்.

அடுத்த சீட்டு வந்தது. பாக்கி உருப்படி: 0.

அப்பா அதைக் கொடிபோல் தூக்கிப் பிடித்தார். "பாருங்க! மைனஸ் ஒண்ணு, ரெண்டே எழுத்து. இதுக்காக மூணு நாளா உயிரை வாங்கினாங்க."

நீராவிக்குப் பின்னால் இருந்து சித்தப்பா அன்று முதல்முறையாகச் சின்னவளை நேராகப் பார்த்தார்.

"என்னம்மா பண்ணினே?"

"ஒண்ணு... கழிச்சேன் சித்தப்பா."

"எதை?"

"வர்ற எண்ணிக்கையில... ஒண்ணை..."

"அப்போ காணாம போனது போனதுதான். போனா போகட்டும்னு விட்டுட்டீங்க."

"இல்ல சித்தப்பா. அது வந்து..."

"ஆளுக்கு ஒண்ணு வீதம் என்னை மன்னிச்சு விட்டிருக்கீங்க" என்றார் அவர். "நல்லா இருங்க." சட்டைக் காலரின் மேல் பெட்டியை வைத்து அழுத்தினார். நீராவி புஸ்ஸென்று கிளம்பி அவர் முகத்தை மறைத்தது.

அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

*

மூன்று மணிக்குப் பல் டாக்டர் வந்தார். வெள்ளைக் கோட்டு ஐந்து சலவைக்குப் போட்டிருந்தார். இரண்டு தயார். மூன்றில் கறை போகாமல் உள்ளே ஊறிக்கொண்டிருந்தது. அந்த வாரம் பாதித் துணியை விட்டுவிட்டுப் போன முதல் ஆள் அவர்தான்.

பெரியவள் இரண்டைக் கொடுத்தாள். பிரிண்டர் சீட்டைத் துப்பியது.

டாக்டர் வாசித்தார். "பாக்கி உருப்படி ஜீரோ." கண்ணாடியை இறக்கிக்கொண்டு பெரியவளைப் பார்த்தார். "என் மூணு கோட்டையும் நீங்களே வச்சுக்கறதா முடிவு பண்ணிட்டீங்களாம்மா?"

"ஏய் சின்னவளே!" பெரியவளின் குரல் தெருவுக்குக் கேட்டது. "வெளியில வாடி. உன் புரோகிராம் இப்போ அடுத்த ரகம் ஆரம்பிச்சிருக்கு!"

சின்னவள் வந்தாள். சீட்டை வாங்கிப் பார்த்தாள். டாக்டரிடம் ஏதோ முனகிவிட்டு, சீட்டோடு உள்ளே போய்விட்டாள்.

டிரம்மில் உட்கார்ந்து, சீட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிப் பார்த்தாள்.

மூன்று இருக்க வேண்டும். பூஜ்யம் என்கிறது. ஒன்றைக் கழித்தது நான். கழிக்காவிட்டால் ஒன்று என்றிருக்கும்.

துணி எதுவும் பாக்கி இல்லாதவருக்கும் ஒன்று. மூன்று பாக்கி உள்ளவருக்கும் ஒன்று.

ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது எண்ணவே இல்லை.

இரண்டு நாளாக அவள் குறிகளைச் சந்தேகப்பட்டாள். பதிவுகளைச் சந்தேகப்பட்டாள். ஒருகணம், அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது, சித்தப்பாவின் கையைக்கூட. எண்ணும் இடத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. எண்ணுவதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது?

புரோகிராமில் அந்த இடத்தைத் திறந்தாள்.

கடையில் உள்ள ஒவ்வொரு துணிக்கும் டேட்டாபேஸில் ஒரு வரி. முதலில் எழுதியபோது, "இவருக்கு இன்னும் கொடுக்காத துணிகளின் வரிகளையெல்லாம் தா" என்று கேட்டிருந்தாள். வந்து விழுந்த வரிகளை எண்ணிச் சீட்டில் போட்டாள். அது சரியாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள், எண்ணிக்கைதானே வேண்டும், அத்தனை வரியையும் எதற்கு இழுத்துவர வேண்டும் என்று தோன்றியது. கேள்வியை மாற்றினாள். "எத்தனை என்று மட்டும் சொல்."

டேட்டாபேஸ் சொன்னது. ஒரே வரியில். அந்த வரிக்குள் பூஜ்யம் என்றோ மூன்று என்றோ சரியான விடை எழுதியிருந்தது.

அவள் புரோகிராம் அந்த வரியைப் படிக்கவில்லை. எத்தனை வரி வந்திருக்கிறது என்று பழையபடி எண்ணியது.

கேள்வியை மாற்றியவள் எண்ணுவதை மாற்றவில்லை. மாற்றிய பிறகு சோதித்தும் பார்த்தாள், ஒரே ஒரு சட்டையைப் பதிந்து. ஒன்று என்று வந்தது. சரி என்று மூடி வைத்துவிட்டாள்.

அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அதைக் காட்டவும் அந்த அறையில் அவளைத் தவிர ஆள் இல்லை.

திருத்த இரண்டு நிமிஷம் ஆனது. கழித்ததை எடுத்தாள். வரியை எண்ணும் இடத்தில், வரியில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னாள். துணி இல்லாமல் சோதித்தாள். ஒன்றை வைத்துச் சோதித்தாள். மூன்றை வைத்துச் சோதித்தாள். நம்பிக்கையில்லாமல் பதினேழை வைத்தும் சோதித்தாள். பிறகு ஞாயிறிலிருந்து இன்றுவரை பதிந்த அத்தனை வாடிக்கையாளருக்கும் ஓடவிட்டாள்.

நிமிர்ந்தபோது, கதவு வழியே தெரிந்த சுவர்க் கடிகாரம் நாலு நாற்பது காட்டியது. அதாவது நாலு நாற்பத்தேழு.

*

முன்கட்டில் டீச்சர் வந்திருந்தார். எட்டாவது திரைச்சீலைக்கு என்ன முடிவு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதே துணியில் புதிதாகத் தைத்துத் தருவதாக அப்பா கெஞ்சிக்கொண்டிருந்தார். சித்தப்பா மேஜையைத் துடைத்து, இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டார். பை தோளில் ஏறியிருந்தது. கையில் கடைச் சாவி.

"அப்பா" என்றாள் சின்னவள்.

யாருக்கும் கேட்கவில்லை.

"அப்பா."

டீச்சர் திரும்பினார். "அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுது பாருங்க. சத்தமா சொல்லும்மா, கடைசி பெஞ்சுக்குக் கேட்கணும்."

சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு, கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"எதுவும் காணாம போகலை. தப்பு என்னோடது."

பெரியவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சித்தப்பா, உங்ககிட்ட தேய்க்க வேண்டியது எத்தனை பாக்கி?"

"ஒண்ணுமில்லை. எல்லாம் முடிச்சாச்சு."

"அதை இந்தச் சீட்டுல எழுதிக் குடுங்களேன்."

அவர் சந்தேகத்தோடு அவளைப் பார்த்தார். பையை இறக்காமலே குனிந்து, பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டுக் கொடுத்தார். அவள் அதை அப்பாவின் கையில் வைத்தாள்.

"கம்ப்யூட்டரும் எனக்கு இப்படித்தான்ப்பா சரியா எழுதிக் குடுத்தது. நான் அதைப் படிச்சிருக்கணும். படிக்கலை. கையில எத்தனை சீட்டு இருக்குன்னு எண்ணினேன். உங்க கையில எத்தனை சீட்டு இருக்கு?"

"ஒண்ணு."

"அதுல மூணுன்னு எழுதியிருந்தா?"

"அப்பவும்..." அப்பா நிறுத்தினார்.

"நூறுன்னு எழுதியிருந்தா?"

"ஒண்ணு" என்றார் டீச்சர், சட்டென்று.

அப்பா கையிலிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா," என்றார் அப்பா, "இதுக்கா மூணு நாளா... ஒரு தடவையாவது சரிபார்க்க மாட்டியா?"

"பார்த்தேன்ப்பா. ஒரு சட்டையை வச்சுப் பார்த்தேன். ஒண்ணுன்னு கரெக்டா காட்டுச்சு."

பெரியவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அப்போ என் எட்டாவது திரை?" என்றார் டீச்சர்.

"நீங்க குடுத்தது ஏழு மிஸ். வாங்கினதும் ஏழு."

"என் வீட்டு ஜன்னல் எட்டாச்சேம்மா?"

டீச்சரே யோசித்தார். சமையலறை ஜன்னலுக்குத் திரையே போடவில்லை என்பது ஞாபகம் வந்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பெரியவள் குனிந்து இல்லாத பேனாவைத் தேட ஆரம்பித்தாள்.

சித்தப்பா அந்தப் பூஜ்யச் சீட்டை அப்பா கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"புரிஞ்சுதும்மா. தப்பு யாருக்கும் வரும். வந்து சொன்னே பாரு, அது போதும்."

"அப்போ போக மாட்டீங்கதானே சித்தப்பா?"

"ஒண்ணுன்னு சொன்னது கம்ப்யூட்டர். சரி. பையைப் பார்க்கச் சொன்னது கம்ப்யூட்டரா?"

சாவியை மேஜைமேல் வைத்தார்.

"இன்னும் அஞ்சு ஆகலை" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து. கடிகாரத்தில் ஐந்தாக ஏழு நிமிஷம் இருந்தது.

"அது ஸ்லோ. ஆயிடுச்சு."

அப்பா சாவியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். டீச்சரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் பின்னால் போய், தன் தோல்பையை எடுத்துக்கொண்டு வந்தார். நேற்று கவிழ்த்த அதே மேஜைமேல், அதே டீச்சர் முன்னால், அதைத் தலைகீழாகப் பிடித்து உதறினார்.

கண்ணாடிக் கூடு. எழுதாத பேனாக்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவர். மூன்று பாக்கெட் கிரீம் பிஸ்கட்.

மூன்றில் ஒன்று பிரிந்திருந்தது. அதிலிருந்து ஒரு பிஸ்கட் உருண்டு மேஜை விளிம்புவரை போய், யோசித்து, விழுந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை முன்னூறைத் தொட்டு, டாக்டர் எச்சரித்து, அம்மா வீட்டிலிருந்த இனிப்பையெல்லாம் அள்ளிப் பக்கத்து வீட்டில் கொடுத்து ஐந்து மாசம் ஆகிறது.

"எத்தனைண்ணே?" என்றார் சித்தப்பா.

இருவருக்கும் நடுவில் யாரும் இல்லாமல், நேற்றைக்குப் பிறகு முதல் கேள்வி.

"மூணு" என்றார் அப்பா, மெதுவாக.

"சரியா சொல்லுங்க. பாக்கெட்டை எண்ணினீங்களா, பிஸ்கட்டை எண்ணினீங்களா?"

முதலில் சிரித்தது டீச்சர்தான். பிறகு பெரியவள். சித்தப்பா சிரிக்காமல் இருக்க முயன்று, முடியாமல், பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"அண்ணி வரட்டும்" என்றார்.

"டேய். அவகிட்ட மட்டும் சொல்லிடாதேடா." அப்பா பாக்கெட்டுகளைத் திரும்பப் பைக்குள் தள்ளினார். தள்ளிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

சித்தப்பா பையை ஆணியில் மாட்டினார். சாவியை மட்டும் எடுக்கவில்லை. அது மேஜையிலேயே கிடந்தது.

"ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு என்ன சொல்லப்போறீங்க சித்தப்பா?" என்றாள் பெரியவள்.

"அதை நாளைக்குச் சொல்றேன்."

டீச்சர் போனதும், பேச்சை மாற்ற வேண்டும்போல் இருந்தது அப்பாவுக்கு. "சரி, இப்போவாவது ஒழுங்கா எண்ணுதா பார்ப்போம். தயாராகி, யாரும் வாங்காம பத்து நாளுக்கு மேல கிடக்கிறது எத்தனை? கேளு."

சின்னவள் கேட்டாள். பிரிண்டர் யோசிக்காமல் துப்பியது.

அப்பா சீட்டைக் கிழித்தார். வாசித்தார். முகம் கறுத்தது.

"மறுபடியும் ஒண்ணா? இது நிஜ ஒண்ணா, உன் ஒண்ணா?"

சின்னவள் அந்த ஒரு வரியைத் திறந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வாசிக்க, அவளே பதிந்த வரி. வாசிக்கும்போது அந்த ஒரு துணிக்கு மட்டும் அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நிஜ ஒண்ணுதான்ப்பா. சட்டை, நீலம். வந்து இருபத்தாறு நாள் ஆச்சு. தயார்னு இருக்கு."

"யாருது?"

அவள் அக்காவைப் பார்த்தாள்.

"வாட்ச் ரிப்பேர்காரர் சட்டையா?" அப்பா சீட்டோடு கவுன்ட்டர் பக்கம் திரும்பினார். "தயாராத்தானே இருக்கு? அப்புறம் ஏன் காலையில ஆகலைன்னு சொல்லி அனுப்பினே?"

சித்தப்பா இஸ்திரிப் பெட்டியின் ஒயரை மறுபடி பிரித்துக்கொண்டிருந்தார். "அந்தச் சட்டையை நான் நாலு தடவை தேய்ச்சிருக்கேன்" என்று பெட்டியிடம் சொன்னார்.

பெரியவள் சுவரை அண்ணாந்து பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"அந்தக் கடிகாரம் ஏழு நிமிஷம் ஸ்லோப்பா" என்றாள். "நாளைக்குக் கழட்டிக் குடுத்துடலாம்."